ஃபியூரியஸ்னா என்ன, டீச்சர்?

இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தேழு. சிஷ்யைக்கு முப்பத்தெட்டு. குருவின் கழுத்தில் ருத்திராட்சம் கிடையாது, விசில்தான் தொங்கும். சிஷ்யைக்கு ஒரு புருஷன், இரண்டு பிள்ளைகள், எட்டி உதைக்கிற ஒரு கறவை மாடு. அப்படியும் குரு குருதான். கோட்டுக்கு வெளியே 'அக்கா, நீங்க' என்பாள். கோட்டுக்குள் கால் வைத்துவிட்டால் அக்காவும் கிடையாது, நீங்களும் கிடையாது.

குருவின் பெயர் ஜெனோவா. பக்கத்து டவுனில் பெண்கள் பள்ளி விளையாட்டு டீச்சர். சிஷ்யையின் பெயர் சந்தனமாரி. உடையாங்குளம் பெண்கள் கபடி அணியில் முதலில் பாடிப் போகிறவள்.

கபடி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிராளியின் கட்டத்துக்குள் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே போக வேண்டும். ஒரே மூச்சு. யாரையாவது தொட்டுவிட்டு, பிடிபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். நடுவில் பாட்டு அறுந்தால் அவுட். எவ்வளவு பெரிய கொம்பனானாலும் அவுட்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள கிரவுண்டில் தினமும் சாயங்காலம் பெண்கள் விளையாடினார்கள். அது சில பேருக்கு உறுத்தியது. கிரிக்கெட் பையன்கள் ஊர்க் கமிட்டியில் போய் நின்றார்கள். கமிட்டி கூடி, டீ குடித்து, தீர்ப்புச் சொன்னது. பொங்கல் போட்டியில் கோப்பை வாங்கினால் சாயங்காலம் பெண்களுக்கு. தோற்றால் கிரிக்கெட்டுக்கு.

தீர்ப்பைக் கொண்டுவந்து சொன்னவர் கொம்பையா அண்ணாச்சி. கமிட்டி மெம்பர், சவுண்டு சர்வீஸ் முதலாளி, ஊரில் எந்தப் போட்டி நடந்தாலும் மைக்கில் கமெண்டரி அவர்தான்.

சந்தனமாரிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாளில் அவளுக்கென்று இருந்தது அந்தச் சாயங்காலம் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் மாட்டுக்கும் அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு வைத்தது. பத்தாம் வகுப்பில் ஜில்லா அணிக்கு ஆடியவளை அப்போது கல்யாணம் வந்து கூட்டிக்கொண்டு போனது. இத்தனை வருஷம் கழித்துத் திரும்பக் கிடைத்த கிரவுண்டு இது. இதையும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே இல்லை.

போட்டிக்கு முன்னால் சட்டைகள் வந்து இறங்கின. கோயம்புத்தூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் சும்மா அடித்து அனுப்பியிருந்தார். சிவப்புச் சட்டை, நெஞ்சில் மஞ்சள் எழுத்தில் அணியின் புதுப் பெயர். பெண்கள் ஆளுக்கொன்றைப் பறித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்தார்கள்.

சந்தனமாரி சட்டையை விரித்துப் பிடித்தாள்.

"டீச்சர், இதுல என்ன போட்டிருக்கு?"

"ஃபியூரியஸ் குயின்ஸ்."

"குயின்ஸ் தெரியும். ராணிய. மொதல்ல உள்ளது?"

"கோபம்."

"கோபத்துக்கு ஆங்கிரின்னுல்லா எம்மவ படிச்சா."

"அது உங்க மாடு உதைச்சா வாரது. கொஞ்ச நேரத்துல போயிரும். இது பெருசு. உச்சி மண்டைக்கு ஏறும்."

"ஆத்தாடி!" சந்தனமாரிக்குக் குஷி தாங்கவில்லை. "எம்மவளுக்குப் பள்ளிக்கூடத்துல இப்படித்தான் கேப்பாவ டீச்சர். அர்த்தம் எழுதுனா ஒரு மார்க்கு. அதை உபயோகிச்சு வாக்கியம் எழுதுனா ரெண்டு மார்க்கு."

"சரியாத்தான் கேக்காவ."

"அது இருக்கட்டும். இது நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா?"

ஜெனோவா விசிலை ஊதினாள்.

"கிரவுண்டைச் சுத்தி ஓடு."

பதில் தெரியாதபோதும் குருமார்கள் இப்படித்தான் செய்வார்கள். தெரிந்தபோதும் இப்படித்தான் செய்வார்கள். சிஷ்யைகள் ஓடத்தான் வேண்டும்.

சந்தனமாரி வீட்டுக்குப் போய்ச் சட்டையைப் போட்டுக் காட்டினாள். புருஷன் எழுத்துக்கூட்டிப் பார்த்தான். அர்த்தம் கேட்டான். அவள் சொன்னாள்.

"இதை எதுக்குச் சட்டையில வேற எழுதணும்? மூஞ்சியிலதான் எழுதியிருக்கே," என்றான்.

அவளும் சிரித்துவிட்டாள். அவளுடைய கோபம் ஊரறிந்தது. ரேஷன் கடைக்காரர் அவளைக் கண்டால் தராசை இரண்டு தடவை சரிபார்ப்பார்.

பொங்கலன்று போட்டி தொடங்கியது. சுற்று வட்டாரத்து அணிகள் எல்லாம் வேனிலும் டிராக்டரிலும் வந்து இறங்கின. கிரவுண்டைச் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றுக்கு வெளியே ஊரே நின்றது. கொம்பையா அண்ணாச்சி மேடையில் மைக்கோடு உட்கார்ந்தார்.

அந்தப் பக்கத்துப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. பாயிண்ட் எடுத்தால் எடுத்தவரின் பெயரையும் அணியின் பெயரையும் மைக்கில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் போர்டில் எண்ணைத் திருப்புவார்கள். அண்ணாச்சி மற்ற அணிகளின் பெயர்களை எல்லாம் உருட்டி உருட்டிச் சொன்னார். இவர்கள் முறை வரும்போது மட்டும் 'நம்ம ஊரு பொம்பளையாளுவ' என்று முடித்துக்கொண்டார். அந்த இங்கிலீஷ் பெயர் அவர் வாயில் நுழையவில்லையா, நுழைய விடவில்லையா என்பது அவருக்குத்தான் தெரியும்.

முதல் ஆட்டத்தில் சந்தனமாரி பறந்தாள். இரண்டாவது ஆட்டத்திலும் பறந்தாள். உள்ளே போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் சிவப்புச் சட்டையின் நெஞ்சைத் தட்டிக்கொண்டாள். கயிற்றுக்கு வெளியே பெண்கள் குலவை போட்டார்கள்.

அரையிறுதியில்தான் அது நடந்தது. சந்தனமாரி எதிராளியின் கட்டத்தில் பாடிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் நின்ற பெண் கால் தடுமாறினாள். இன்னும் ஒரு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம்.

மைக் சொன்னது:

"பாடிப் போறா சந்தனமாரி... வீட்டுல அடுப்புல கொழம்பு தீயுதாம், யாராவது அவகிட்ட சொல்லுங்கப்பா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சந்தனமாரி நின்றாள். மேடைப் பக்கம் திரும்பினாள்.

"ஒம்ம வீட்டு அடுப்பைப் போயிப் பாரும்வே!"

கூட்டம் இன்னும் பெரிதாகச் சிரித்தது. இந்தத் தடவை அவள் பக்கம் நின்று சிரித்தது. ஆனால் நடுவர் விசிலடித்துக் கையைத் தூக்கிவிட்டார். பாட்டு அறுந்தது. அவுட்.

அப்புறம் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. மீதி ஆட்டத்தை ரோஸ்லின் என்ற பெண் தனியாக இழுத்துப் பிடித்து, எப்படியோ ஜெயிக்க வைத்தாள். ஜெனோவா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் சந்தனமாரியைக் கொன்றது.

மறுநாள் ஆட்டம் இல்லை. அதற்கு மறுநாள் இறுதிப் போட்டி. ஆட்டம் இல்லாத அந்தச் சாயங்காலம் ஜெனோவா கிரவுண்டுக்கு வந்தபோது சந்தனமாரி மட்டும் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கோடு போடுவது எப்போதும் அவள் வேலைதான். யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். பால்பவுடர் டப்பா ஒன்றின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, உள்ளே சுண்ணாம்புத் தூளை நிரப்பி வைத்திருப்பாள். கயிற்றைக் கட்டி, டப்பாவைக் கவிழ்த்து, தட்டிக்கொண்டே நடப்பாள்.

"டீச்சர், என்னை ரெண்டு ஏசு ஏசிருங்க."

"எதுக்கு?"

"பாட்டை விட்டுட்டேன்லா."

"ஊரே ஏசிட்டே. நான் வேற எதுக்கு?"

"வேணும்னு விடல டீச்சர். அவரு அப்படிச் சொன்னதும் அடிவயித்துல இருந்து என்னமோ கெளம்பி வந்துது. வந்தது எனக்கே தெரியல. வாயைத் தொறந்தப்பெறவுதான் தெரிஞ்சுது." சந்தனமாரி சட்டையின் நெஞ்சை இழுத்துக் காட்டினாள். "அதுதானா இது?"

"அதேதான்."

"அப்பம் இது கெட்ட வார்த்தை."

ஜெனோவா குனிந்து கயிற்றின் முடிச்சை இறுக்கினாள்.

"இந்தச் சட்டை வேண்டாம் டீச்சர். பேரை மாத்திருவோம். சாந்தமான ராணியன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லுவாவ?"

ஜெனோவா டப்பாவை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். ஒரு கை சுண்ணாம்பை அள்ளி, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி மேலே வீசினாள். காற்று அதை அப்படியே திருப்பி இரண்டு பேர் மேலும் கொட்டியது.

"ஐயோ டீச்சர்! என்ன காரியம் செய்தீய! கண்ணுல விழுந்தா கண்ணு போயிரும்லா! கடையும் லீவு, நாளைக்குக் கோட்டுக்கு நான் எங்க போவேன்?"

"எங்க போச்சு?"

"எது?"

"சுண்ணாம்பு."

"எங்க போச்சா? ஒங்க தலையில இருக்கு. எந்தலையில இருக்கு."

"கோட்டுல?"

"கோட்டுல ஒரு பொட்டு இல்ல."

ஜெனோவா மூடியைப் போட்டாள். டப்பாவைக் கவிழ்த்து, கயிற்றை ஒட்டித் தட்டிக்கொண்டே நடந்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்தாள். நிமிர்ந்து திரும்பினாள்.

"இது?"

"இது கோடு."

"அது?"

"அது பாழ்."

"ரெண்டும் வேற வேற சுண்ணாம்பா?"

"ஒரே டப்பாதான டீச்சர்."

"அப்பம் மீதிக் கோட்டைப் போடு."

டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு, முகம் கழுவக் குழாயடிக்குப் போய்விட்டாள்.

சந்தனமாரி வெள்ளைத் தலையோடு மீதிக் கோட்டைப் போட்டு முடித்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் ரோஸ்லினைப் பிடித்து நடந்ததைச் சொன்னாள்.

"உனக்கு எதாவது புரியுதா?" என்று கேட்டாள் ரோஸ்லின்.

"ஒரு எளவும் புரியல. ஆனா கோடு நேராப் போட்டாவ."

இறுதிப் போட்டி. எதிரே கீழப்பனையூர் அணி. அந்த ஊர்ப் பெண்கள் பனங்கிழங்கு மூட்டையைச் சும்மா தூக்கித் தோளில் போடுகிறவர்கள். அவர்களுடைய ஓரத்து ஆட்டக்காரி முத்துக்கனி கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான். சாயங்கால வெயில் கிரவுண்டில் சாய்ந்து கிடந்தது. மரத்திலும் ஆள், மதில் மேலும் ஆள். கிரிக்கெட் பையன்கள் மட்டையோடு வந்து முன்வரிசையில் நின்றுகொண்டார்கள்.

ஜெனோவா ஏழு பேரின் பெயரைச் சொன்னாள். சந்தனமாரியின் பெயர் அதில் இல்லை.

"நீ உக்காரு."

சந்தனமாரி குரு பக்கம் ஓர் எட்டு வைத்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் நடுவர் விசில் ஊதிவிட்டார்.

ஆட்டம் என்றால் அது ஆட்டம்! இவர்கள் ஒன்று எடுத்தால் அவர்கள் ஒன்று எடுத்தார்கள். ரோஸ்லின் உள்ளே போய் இரண்டு பேரைத் தொட்டுக்கொண்டு வந்தாள். அடுத்த முறை அவளையே முத்துக்கனி கணுக்காலோடு கவ்விக் கீழே போட்டாள். புழுதி கிளம்பியது. தொண்டை கிழியக் கத்தினார்கள். போர்டில் எண்ணைத் திருப்புகிறவனுக்குக் கை ஓயவில்லை.

மைக்கும் ஓயவில்லை.

"பாட்டுப் பாடச் சொன்னா பேச்சுப் பேசுற சந்தனமாரி, இன்னிக்கு ஓரத்துல உக்காந்து வேடிக்கை பாக்கா! டீச்சருக்கே நம்பிக்கை இல்ல போலுக்கு!"

சந்தனமாரி பெஞ்சில் உட்கார்ந்து தரையில் இருந்த புல்லையெல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி ஒரு சாண் நிலம் மொட்டையாகிவிட்டது.

"டீச்சர், என்னை எறக்குங்க."

"இன்னும் இல்ல."

"எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"கோபம் வருதா?"

"வராம?"

"அண்ணாச்சி மேலயா, எம்மேலயா?"

"ரெண்டு பேரு மேலயும்தான்."

"எவ்வளவு?"

சந்தனமாரி நெஞ்சில் இருந்த மஞ்சள் எழுத்தைக் குத்திக் காட்டினாள்.

"இம்புட்டு."

"நல்லது. கொட்டிராத."

சந்தனமாரி திரும்பிக் குருவைப் பார்த்தாள். குரு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கட்டம் வந்தது. இரண்டு அணிக்கும் ஒரே எண்ணிக்கை. பாடிப் போக ஒரே ஒரு ரைடு மிச்சம், அது உடையாங்குளத்தின் முறை. இதற்கு முன் இரண்டு தடவை இவர்கள் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். மூன்றாவது தடவையும் வெறுங்கை என்றால் போனவள் அவுட், பாயிண்ட் அவர்களுக்கு. இதை டூ ஆர் டை என்பார்கள். தொட்டால் கிரவுண்டு. தொடாவிட்டாலும் போச்சு, பிடிபட்டாலும் போச்சு.

ஜெனோவா கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினாள். களத்திலிருந்த ஒரு பெண்ணை வெளியே கூப்பிட்டாள்.

"சந்தனமாரி, போ."

சந்தனமாரி எழுந்தாள்.

"டீச்சர், உள்ள போயி நான் என்ன செய்ய?"

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் உனக்குத் தெரியும். ஒரு மார்க்கு வாங்கியாச்சு. மிச்ச ரெண்டு மார்க்கையும் வாங்கிட்டு வா."

சந்தனமாரி மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள். மூச்சை இழுத்து நிறைத்தாள். நடுக்கோட்டைத் தாண்டினாள்.

"கபடி கபடி கபடி கபடி..."

எதிரே வளைவாக நின்றார்கள். அரையிறுதியை அவர்களும் பார்த்திருந்தார்கள். யாரும் அவசரப்படவில்லை. இவளைப் பிடிக்க வேண்டியதே இல்லை, மைக் பிடித்துக் கொடுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். முத்துக்கனி குனிந்து, இரண்டு கையையும் விரித்து, ஓரத்தில் காத்திருந்தாள். சந்தனமாரி இடப்பக்கம் போனாள், வளைவு நகர்ந்தது. வலப்பக்கம் வந்தாள், வளைவும் வந்தது. ஊசி நுழைய இடமில்லை. மூச்சு பாதிக்கு மேல் போய்விட்டது.

மைக் சொன்னது:

"அவ்வளவுதான்... முடிஞ்சு போச்சு! தம்பியளா, மட்டையை எடுத்துட்டு வாங்கடே! நாளையில இருந்து கிரிக்கெட்டு! சந்தனமாரி போட்ட சுண்ணாம்புக் கோட்டையெல்லாம் வெளக்குமாத்தை வச்சுக் கூட்டித் தள்ளிருவோம்!"

சந்தனமாரியின் தலை வெடுக்கென்று மேடைப் பக்கம் திரும்பியது.

கண் சிவந்துவிட்டது. கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. ஒரு 'கபடி'க்கும் அடுத்த 'கபடி'க்கும் நடுவில் வாய் பெரிதாகத் திறந்தது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பெஞ்சில் யாரோ 'ஐயோ' என்றார்கள். 'பேசப்போறா' என்று சொல்லிக்கொண்டே முத்துக்கனி நிமிர்ந்தாள். விரித்த கைகள் தொங்கிவிட்டன. பக்கத்தில் நின்றவள் சிரிக்கவே தொடங்கிவிட்டாள்.

திறந்த வாயிலிருந்து வந்தது இதுதான்:

"கபடி! கபடி! கபடி! கபடி!"

மைக்கை விடச் சத்தமாக வந்தது. முகம் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் வலது கால் பின்னால் நீண்டு, முத்துக்கனியின் முழங்காலில் படாரென்று விழுந்தது.

தொட்டுவிட்டாள்!

திட்டம் போட்டுத் திரும்பினாளா, கோபத்தில் திரும்பினாளா என்று பிற்பாடு பல பேர் கேட்டார்கள். கோபத்தில்தான் திரும்பினாள். அதில் சந்தேகமே வேண்டாம். தலை திரும்பிவிட்டது. பாட்டைத்தான் அவள் விடவில்லை.

வளைவு விழித்துக்கொண்டது. ஒருத்தி இடுப்பைப் பிடித்தாள். ஒருத்தி காலைப் பிடித்தாள். முத்துக்கனி ரோஷத்தோடு மேலே வந்து விழுந்தாள். சந்தனமாரி குப்புற விழுந்தாள். வாயில் மண். மண்ணோடு பாட்டு. 'கபடி கபடி' என்று மெலிந்து மெலிந்து வந்துகொண்டே இருந்தது. முழங்கையை ஊன்றி இழுத்தாள். நான்கு பேரை முதுகில் சுமந்துகொண்டு ஒரு சாண் வந்தாள். இன்னொரு சாண் வந்தாள். நடுவர் பக்கத்தில் மண்டியிட்டுக் காதைக் கொடுத்தார். பாட்டு இருக்கிறது. இன்னும் இருக்கிறது. கையை நீட்டினாள். இரண்டு விரல் நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கத்து மண்ணைப் பிறாண்டியது.

விசில்!

உடையாங்குளத்தில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. மரத்தில் இருந்தவன் கீழே குதித்தான். ரோஸ்லின் அழுதுகொண்டே சிரித்தாள். கிரிக்கெட் பையன்களில் ஒருத்தன் தன்னை மறந்து மட்டையைத் தூக்கி ஆட்டினான். சந்தனமாரியின் மகள் கயிற்றுக்குள் நுழைந்து ஓடிவந்து அம்மா மேல் விழுந்தாள்.

ஆனால் போர்டில் எண் மாறவில்லை. எண்ணைத் திருப்புகிறவன் போர்டில் கையை வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தான். அறிவிப்பு வரவில்லையே.

ஒவ்வொருவராக மேடையைப் பார்த்தார்கள். சத்தம் அடங்கியது.

"பேரைச் சொல்லும் அண்ணாச்சி!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

கொம்பையா அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"பாயிண்டு எடுத்தது சந்தனமாரி. நம்ம ஊரு பொம்ப..."

"முழுப் பேரையும் சொல்லும்!" இப்போது பத்துக் குரல். எல்லாம் பெண்கள்.

அண்ணாச்சி மைக்கைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஃபியூ... ஃபியூரியஸ் குயின்ஸ்."

எண் மாறியது. குலவை பொங்கியது.

அண்ணாச்சி மேடையை விட்டு இறங்கினார். ஒயரை இழுத்துக்கொண்டு களத்துக்குள் வந்தார். தோல்வியை ஒப்புக்கொள்ளும்போது சில ஆட்களுக்கு முகத்தில் ஒரு வெட்கம் வரும். அது அவருக்கும் வந்திருந்தது.

"ஏம்மா சந்தனமாரி, நானும் இத்தனை ஆட்டமா சொல்லாமலே ஓட்டிட்டேன். அந்தப் பேருக்கு என்னதாம்மா அர்த்தம்? இந்தா, நீயே சொல்லு. ஊரும் கேக்கட்டும்."

மைக்கை அவளிடம் நீட்டினார். சந்தனமாரி வாங்கினாள். உதட்டில் ரத்தம், தலையெல்லாம் மண். கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

இப்போது பாடவேண்டியதில்லை. எந்த நடுவரும் விசில் ஊத மாட்டார். மைக் அவள் கையில் இருக்கிறது. அடுப்புக்கும் குழம்புக்கும் விளக்குமாறுக்கும் அவள் சேர்த்து வைத்திருந்த பதிலெல்லாம் நுனி நாக்கில் வந்து வரிசையாக நின்றது.

அவள் மைக்கைக் கையால் பொத்தினாள். ஜெனோவாவைப் பார்த்தாள்.

"டீச்சர், பாட்டு முடிஞ்சிட்டு. ஜெயிச்சிட்டோம். ஆனா கோபம் அப்படியே இருக்கு. கொஞ்சமும் கொறையல."

ஜெனோவா களத்தைப் பார்த்தாள். நான்கு பேரைச் சுமந்துகொண்டு சந்தனமாரி ஊர்ந்து வந்த இடத்தில் நடுக்கோடு இருந்த தடமே இல்லை. பெஞ்சுக்கு அடியில் இருந்த பால்பவுடர் டப்பாவை எடுத்து வந்தாள். சந்தனமாரியின் கையிலிருந்த மைக்கை வாங்கி அண்ணாச்சியிடம் கொடுத்தாள். டப்பாவை அவள் கையில் வைத்தாள்.

"இருக்கட்டும். நடுக்கோடு அழிஞ்சு கெடக்கு பாரு. நாளைக்குச் சாயங்காலம் நமக்கு வேணும்லா. போடு."